கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரம்



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூசும் விஷயம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் உரியது. நம் மலசலகூடக் குழிக்குள் இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பற்றியது.

கழிவுநீர் என்றால் அது கொழும்பு போன்ற பெரிய நகரங்களின் தலையிடி என்று நினைப்போம். நம் குச்சவெளியில் கழிவைச் சேர்த்து எடுத்துப் போகும் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு வளவும் தன் கழிவைத் தன் மண்ணுக்குள்ளேயே இறக்குகிறது. கிணற்றுத் தண்ணீரையும் அதே மண்ணிலிருந்துதான் அள்ளுகிறோம். இத்தனை காலம் இது பெரிதாக உறுத்தவில்லை. அதற்குக் காரணம் நாம் கெட்டிக்காரர்களாக இருந்தது அல்ல. வளவு பெரிதாக இருந்தது. குழி ஒரு கோடியில், கிணறு மறு கோடியில். நடுவில் இருந்த தூரம்தான் நம்மைக் காப்பாற்றியது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 40 பேர்ச் சதுர வளவின் ஒரு பக்கம் ஏறத்தாழ 104 அடி. கிழக்கில் நம் வழக்கம் என்ன? பெண் பிள்ளைக்கு வீடும் வளவும். நான்கு குமர் இருந்தால் 40 பேர்ச் நான்காகப் பிரியும். ஆளுக்கு 10 பேர்ச். அந்தத் துண்டின் ஒரு பக்கம் 52 அடிதான். அதற்குள் ஒரு வீடு, ஒரு குசினி, ஒரு கிணறு, ஒரு குழி. உம்மாவின் வளவில் ஒரு குழி இருந்த இடத்தில் இப்போது நான்கு குழிகள். தங்கச்சி வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் என்பதால் நம் கண்ணில் படாது. ஆனால் மண்ணுக்குள் மதில் இல்லை.

நம் மண் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். கடலோர மணல். தண்ணீர் வேகமாக இறங்கும். அதனால்தான் நம் குழிகள் இலகுவில் நிரம்புவதில்லை. "இருபது வருஷமாகக் குழி நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வோம். நிரம்பவில்லை என்றால் உள்ளே போனது வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆழமான கிணறு தோண்டித் தப்பலாமா? கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. கீபன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளர் 1888 அளவிலும், ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901இலும் தனித்தனியாக இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆகவே ஆழம் போனால் உப்பு வரும். மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கும் தண்ணீரை விட்டால் நமக்கு வேறு கிணறு கிடையாது. மாரியில் வாடை மழை பொழியும்போது அந்தத் தண்ணீர் மட்டம் மேலே வந்து குழியின் அடியைத் தொடும். அந்த மாதங்களில் கிணறும் குழியும் ஒரே தண்ணீரில் நிற்கும்.

கிணற்றைச் சுற்றி இடம் விடவேண்டும் என்ற எண்ணம் மேற்கத்தேயம் கற்றுத் தந்த புதுப் பாடம் அல்ல. இஸ்லாமியச் சட்டத்தில் 'ஹரீம்' என்று ஒரு சொல் உண்டு. கிணறு, ஊற்று, மரம் போன்றவற்றைச் சுற்றி மற்றவர் கைவைக்கக் கூடாத எல்லை அது. தரிசு நிலத்தில் கிணறு தோண்டியவருக்கு அதைச் சுற்றி 40 முழம் உரியது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டக்கோவையிலும் கிணற்றின் ஹரீம் ஒவ்வொரு பக்கமும் 40 முழம் என்றே எழுதப்பட்டது. 40 முழம் என்றால் 60 அடி. கால்நடைகள் தண்ணீர் குடித்து நிற்கவும், பக்கத்தில் இன்னொருவர் தோண்டி இந்தக் கிணற்றின் தண்ணீரை இழுக்காமல் இருக்கவும் வந்த சட்டம் அது. கழிவுக்காக வந்தது அல்ல. ஆனாலும் கிணறு என்பது அந்த வட்டக் கட்டு மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள நிலமும் சேர்ந்ததுதான் என்ற அறிவு அதில் இருக்கிறது.

கழிவுக் குழி பற்றியும் நம் இமாம்கள் பேசியிருக்கிறார்கள். நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். ஹனபி மத்ஹப் நூல்களில் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு மஸ்அலாவே உண்டு. சிலர் 5 முழம் என்றார்கள், சிலர் 7 முழம் என்றார்கள். பிறகு வந்த அறிஞர்கள், முழக் கணக்கு முடிவானது அல்ல, நஜீஸின் அடையாளம் கிணற்றில் தெரியாத அளவு தூரம் வேண்டும், அது மண் இறுக்கமா இளக்கமா என்பதைப் பொறுத்து மாறும் என்று விளக்கினார்கள். ஒரே அளவுகோலை எல்லா ஊருக்கும் போடமுடியாது, உன் மண்ணைப் பார் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் மண்ணோ இளக்கத்திலும் இளக்கம்.

இந்தத் தூரம் தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் தெளிவாகக் கண்டது லண்டனில், 1854ஆம் ஆண்டு. சோஹோ பகுதியில் புரோட் வீதி என்று ஒரு தெரு. அங்கே ஒரு கைப்பம்பிக் கிணறு. தண்ணீர் தெளிவு, ருசியும் நல்லது என்று பெயர். வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு மூதாட்டிகூட அந்த ருசிக்காகவே அங்கிருந்து தண்ணீர் எடுப்பித்துக் குடித்தார். ஓகஸ்ட் கடைசியில் அந்தத் தெருவில் கொலரா வெடித்தது. அந்தச் சிறிய பகுதியில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தூரத்தில் இருந்து தண்ணீர் எடுப்பித்த அந்த மூதாட்டியும் இறந்தார்.

ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, காரணம் அந்தக் கிணறுதான் என்றார். செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. இந்தக் கதை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொருவர் ஹென்றி வைட்ஹெட். வைத்தியர் அல்ல, அந்தப் பகுதித் தேவாலயத்தின் இளம் மதகுரு. முதலில் ஸ்னோ சொன்னதை நம்பவில்லை. பிழை என்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போனார். ஊர் மக்களை அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும். விசாரித்துக்கொண்டே போகும்போது 40ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தை எல்லோருக்கும் முன்னதாகவே வயிற்றோட்டத்தில் விழுந்திருந்தது தெரியவந்தது. தாய், பிள்ளையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டின் முன்னிருந்த கழிவுக் குழியில் ஊற்றியிருந்தார். பிறகு தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கற்கள் உக்கிப் போயிருந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை.

அந்தத் தாய் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் செய்தார். பிழை அந்தக் குழி இருந்த இடத்தில். இன்னொன்றையும் கவனியுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க வைத்தியரின் அறிவும் வேண்டியிருந்தது, ஊரை அறிந்த மனிதரின் நடையும் வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகு லண்டன் என்ன செய்தது? அங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் எடுத்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. உடனே பணம் ஒதுக்கப்பட்டது. ஜோசப் பஸல்ஜெட் என்ற பொறியியலாளர் நகரத்தின் அடியில் பெரும் கால்வாய்களைக் கட்டி, கழிவு முழுவதையும் நகரத்துக்குக் கீழே கொண்டுபோய் நதியில் விட்டார். நகரம் பிழைத்தது. ஆனால் கழிவு சுத்தமாகவில்லை, இடம் மட்டும் மாறியது. 1878இல் அந்த வாய்க்கால்கள் கொட்டும் இடத்துக்குக் கிட்ட 'பிரின்ஸஸ் அலிஸ்' என்ற பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் விழுந்த தண்ணீர் கழிவுநீர் என்று அப்போதே பெரிய பேச்சு எழுந்தது. அதற்குப் பிறகுதான், கழிவைத் தூரத்தில் விட்டால் போதாது, விடுமுன் சுத்தப்படுத்த வேண்டும் என்ற கதை தொடங்கியது.

ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்புக்குக் கட்டிய தொகுதியும் கழிவை எடுத்துக் கடல் பக்கம் தள்ளும் தொகுதிதான். பெரிய நகரத்துக்கு அது ஒரு வழி. ஆனால் கரைவலை இழுக்கும் ஊருக்குக் கடல் ஒரு குப்பைக் கிடங்கு ஆகமுடியாது. களப்பும் அப்படித்தான். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நண்டும் இறாலும் பிடிக்கிறவருக்கும், புல்மோட்டைக்குக் கிட்ட யான் ஓயா கடலில் சேரும் இடத்தில் வலை போடுகிறவருக்கும் இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. நமக்குக் 'கீழே' என்று ஒரு ஊர் இல்லை. கடைசி ஊர் நாம்தான்.

அப்போ சிறிய ஊர்கள் என்ன செய்தன? 1860 அளவில் பிரான்ஸில் வெசூல் என்ற ஊரில் மூராஸ் என்பவர் தன் வீட்டுக் கழிவுக்காக ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்தபோது எதிர்பார்த்த அளவு திண்மம் அதில் இல்லை. காற்றுப் புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்திருந்தன. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கமரன் இதே முறையைத் திருத்திக் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். இன்று நம் ஊரில் எல்லாருடைய வாயிலும் இருக்கும் சொல் அதுதான்.

அதன் வேலை இலகு. தொட்டிக்கு அடியும் பக்கமும் இறுக்கமாகப் பூசப்பட்டிருக்க வேண்டும். பாரமானது கீழே படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மெதுவாக வெளியேறி இன்னொரு உறிஞ்சு குழிக்குள் போகும். அந்தத் தண்ணீர் பார்வைக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கும். கிருமிகளில் பெரும் பங்கு இன்னும் அதில்தான். மீதிச் சுத்தத்தைச் செய்வது மண். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, காற்றோட்டமுள்ள ஈரமில்லாத மண் போதிய அளவு இருந்தால்தான் அதுவும் முடியும்.

நாம் 'செப்டிக் டேங்க்' என்று சொல்வதில் எத்தனை உண்மையில் அது? பல வளவுகளில் இருப்பது சுற்றிக் கல் அடுக்கி, அடி திறந்து, மேலே கொங்கிரீட் மூடி போட்ட ஒரு குழி. பெயர் டேங்க், வேலை குழியின் வேலை. உண்மையான டேங்க் என்றால் சில வருஷத்துக்கு ஒரு தடவை கலி பவுசர் வந்து உறிஞ்ச வேண்டும். பவுசரே வராத டேங்க் என்றால் அதன் அடியைப் பற்றிச் சந்தேகப்படுங்கள்.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெட் என்ற இருவர், கழிவுநீருக்குள் காற்றை ஊதி, படியும் சேற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, நாட்கணக்கு வேலையை மணிக்கணக்கில் முடிக்கலாம் என்று காட்டினார்கள். இன்றைய பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் பல அந்த வழியில் வந்தவை. அவற்றுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், மாதாமாதம் செலவு வேண்டும். கரையோர ஹொட்டேல்களுக்கு அது கட்டாயம் பொருந்தும். கேட்கவும் வேண்டும். பத்துப் பேர்ச் வீட்டுக்குப் பொருந்தாது.

"தண்ணி தெளிவாத்தானே இருக்கு, மணமும் இல்ல, ருசியும் மாறல்ல" என்று ஒரு நியாயம் சொல்வோம். நிறம், மணம், ருசி என்ற மூன்றும் தொழுகைக்கான சுத்தத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல்கள். அது மார்க்கச் சட்டம், அதில் நமக்கு வாதம் இல்லை. ஆனால் வுழூ செய்யத் தகுந்த தண்ணீர் என்பதாலேயே அது குழந்தைக்குப் பால்மா கரைக்கவும் தகுந்தது ஆகிவிடாது. புரோட் வீதித் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது.

கிருமியைவிடச் சத்தமில்லாத ஒன்றும் உண்டு. குழியிலிருந்து கசியும் சிறுநீர் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாய்ந்ததைக் கண்டு, காரணம் நைத்திரேற்று என்று எழுதினார். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. நம் நாட்டில் யாழ்ப்பாணக் கிணறுகள் இதற்குப் பேர்போனவை. அங்கே சுண்ணக்கல் நிலம், தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து இறங்குகின்றன. இங்கே மணல். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். கொதித்தாறிய தண்ணீர் என்று நம்பியிருக்கும் இளம் தாய்மாருக்கு இதைச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்கமாட்டோம். சுனாமிக்குப் பின்னர் நம் கரையெல்லாம் நிவாரண அமைப்புகள் வந்தன. அப்படிப்பட்ட அமைப்புகள் உலகம் முழுக்கப் பின்பற்றும் 'ஸ்பியர்' என்ற கையேடு உண்டு. கழிவுக் குழி நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், குழியின் அடி தண்ணீர் மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. 30 மீற்றர் என்றால் ஏறத்தாழ 98 அடி. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். உம்மாவின் 40 பேர்ச் வளவில் ஒரு பக்கம் 104 அடி. கோடிக்குக் கோடி வைத்தால் அந்த விதி மட்டுமட்டாக நிறைவேறும். மகளின் 10 பேர்ச்சில் எந்த மூலைக்கு எந்த மூலை அளந்தாலும் 74 அடியைத் தாண்டாது. பக்கத்துத் துண்டுகளின் குழிகளைச் சேர்த்தால் கணக்கே இல்லை.

ஆகவே தூரம் போய்விட்டது. திரும்பி வராது. தூரம் செய்துகொண்டிருந்த வேலையை இனி வேறொன்று செய்ய வேண்டும்.

அதைச் செய்துகாட்டிய ஒரு சிறிய ஊர் உண்டு. தமிழ்நாட்டில் திருச்சி மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கும் முசிறி. ஆற்றோரம், வயலும் வாழைத் தோட்டமும், தண்ணீர் மட்டம் மேலே. குழி வெட்டினால் தண்ணீர் ஊறும், மழைக்குக் கக்கூஸ் நிரம்பி எதிர்க்கும். அங்கே 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன், குழி வெட்டுவதையே விட்டுவிட்டு, நிலத்துக்கு மேலே அறைகள் கட்டும் முறையைப் பரப்பினார். மலம் ஒரு அறைக்குள் விழும், மேலே சாம்பல் போடுவார்கள். சிறுநீர் தனி வழி. கழுவும் தண்ணீரும் தனி வழி, அது வாழையும் கல்வாழையும் நட்ட பாத்திக்குப் போகும். ஒரு அறை நிரம்பியதும் மூடிவிட்டு மற்ற அறையைப் பாவிப்பார்கள். மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் அறையில் கிருமிகள் காய்ந்து செத்து, எல்லாம் எருவாகும். 2006இல் முசிறியில் இதே முறையில் ஒரு பொதுக் கழிப்பறையும் திறந்தார்கள். அங்கே போகிறவர் காசு கொடுப்பதில்லை, போகிறவருக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். எருவுக்கும் சிறுநீருக்கும் பயிருக்கான பெறுமதி இருந்தது. 2021இல் சுப்புராமனுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்த முறையில் நமக்குப் பிடிக்க வேண்டியது, அது தண்ணீரால் கழுவும் மக்களுக்காக அமைந்தது. வெளிநாட்டு வரைபடங்கள் பல, காகிதத்தால் துடைப்பவர்களை நினைத்து வரைந்தவை. 1990களில் கேரளக் கடற்கரை மீனவக் கிராமங்களில் போல் கல்வேர்ட் என்ற பொறியியலாளர், கழுவும் தண்ணீருக்குத் தனி வழி வைத்து இத்தகைய கழிப்பறைகளைக் கட்டிக் காட்டினார். மணல், நெருக்கமான வீடுகள், மேலே நிற்கும் தண்ணீர், பக்கத்தில் கடல். நம் ஊரைப் போலத்தான்.

முசிறி முறையை நாளைக்கே எல்லோரும் கட்டுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குத் தினமும் கவனம் வேண்டும், பழக்கம் மாற வேண்டும். அங்கே தூரத்துக்குப் பதிலாக மூன்று விஷயங்களை வைத்தார்கள் என்பதைப் பாருங்கள். கழிவு மண்ணைத் தொடாத இறுக்கமான அறை. தண்ணீரைத் தனியாகப் பிரிப்பது. போதிய காலம் அடைத்து வைப்பது. இந்த மூன்றையும் நம் செப்டிக் டேங்கிலேயே முடிந்தளவு கொண்டுவரலாம்.

கழிவிலிருந்து சுத்தப்படுத்திய தண்ணீரை மரத்துக்கு ஊற்றுவது மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை இதை ஆராய்ந்து, கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு நஜீஸின் நிறமும் மணமும் ருசியும் நீங்கிவிட்டால் அது சுத்தமான நீராகும் என்று தீர்மானித்தது. குடிப்பதற்குத் தவிர்ப்பது நல்லது என்று உடல் நலத்தையும் மனித அருவருப்பையும் கருதிச் சொன்னார்கள். நம் ஊருக்கு எது பொருந்தும் என்பதை நம் உலமாக்களிடம் கேட்டுக்கொள்வோம்.

இனி நம் கையில் இருப்பவை.

ஒன்று. காணி பிரிக்கும்போது கிணற்றையும் குழியையும் முதலில் குறியுங்கள், வீட்டைப் பிறகு குறியுங்கள். நான்கு பிள்ளைகளுக்குப் பிரியும் வளவென்றால், கிணறுகள் எல்லாம் ஒரு பக்கமும் குழிகள் எல்லாம் எதிர்ப் பக்கமும் வரும்படி எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டாரோடு உட்காரும்போது எத்தனையோ பேசுகிறோம். குழி எங்கே என்பதையும் பேசலாம், வெட்கமில்லை.

இரண்டு. நான்கு அடி திறந்த குழிகளுக்குப் பதிலாக, சகோதரிகள் சேர்ந்து அடி பூசிய ஒரு நல்ல டேங்க் கட்டலாம். உறிஞ்சு குழியை ஆழமாக வெட்டாமல் மேலோட்டமாகவும் அகலமாகவும் வையுங்கள். மேல் மண்ணில்தான் சுத்திகரிக்கும் உயிர்கள் கூட.

மூன்று. குசினித் தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் குழிக்குள் விடாதீர்கள். கிணற்றடிக்குத் தள்ளி ஒரு வாழைப் பாத்திக்கு விடுங்கள். டேங்குக்குள் போகும் தண்ணீர் குறையும், கழிவு உள்ளே தங்கும் காலம் கூடும்.

நான்கு. மாரி முடிந்த கையோடு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பீ.எச்.ஐ. ஐயாவிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் வழி கேட்கலாம். கிருமியோடு நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து. கலி பவுசர் நம் கழிவை உறிஞ்சிக்கொண்டு எங்கே கொட்டுகிறது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். ஹொட்டேல் கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்களிடமும் சபை அதையே கேட்க வேண்டும். லண்டனின் முதல் பிழையை நாம் திரும்பச் செய்யத் தேவையில்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வளவில் நின்று பேசும்போது இதையும் பேசுங்கள். வைட்ஹெட்டைப் போல வீடு வீடாகப் போய் விசாரிக்க நம் ஊரில் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி போதும். கிணற்றுக்கும் மிகக் கிட்டிய குழிக்கும் எத்தனை அடி என்று ஒவ்வொரு வளவிலும் அளந்து எழுதட்டும். அந்தக் கொப்பி கையில் இருந்தால் சபையிடம் பேசுவதற்கு நமக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.